ஊரே இல்லாத கதைகள்: பிள்ளைகளுக்குக் கதைக்களத்தைச் சொல்லித்தருவது எப்படி

ஒன்பதாம் வகுப்பில் 40 பிள்ளைகளை உட்கார வைத்து "ஆளுக்கு ஒரு கதை எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி நோட்டுக்கு மேல் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கும். "அது ஓர் அழகிய கிராமம். எங்கு பார்த்தாலும் பச்சைப்பசேல் என்று வயல்கள், சலசலவென்று ஓடும் ஆறு." நான் சனிக்கிழமைகளில் கதை வகுப்பு எடுப்பது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில். அங்கே உள்ள பிள்ளைகள் நெல்வயலைப் பார்ப்பதே திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும்போதுதான், ஆறு நிறையத் தண்ணீர் ஓடி அவர்கள் பார்த்ததில்லை, ஆனாலும் கதை என்று பேனாவைத் திறந்தால் ஆறு ஓட ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது பத்தியில் ராமு என்றொரு நல்ல பையன் வருவான். அந்த ராமுவை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் சென்னையில் வைத்தாலும் கதையில் ஒரு வார்த்தை மாறாது. பழைய ஸ்டுடியோக்களில் போட்டோ எடுக்கும்போது பின்னால் தொங்கவிடுவார்களே ஒரு திரை, அருவியும் மானும் வரைந்தது, அந்தத் திரைதான் இந்த முதல் பத்தி. ஆளுக்கும் அதற்கும் ஒட்டு உறவு இருக்காது.

புதிதாகக் கதை சொல்லித்தர வருகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்துப் பலன் கண்ட முறையை எழுதுகிறேன். 40 நிமிட வகுப்புகள் நான்கு போதும், அப்புறம் திருத்துவதற்கு ஒன்று. ஒரே ஒரு கேள்வியைத்தான் நான்கு வகுப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம்: இந்த இடம் இந்த ஆளை என்ன செய்ய வைக்கிறது? இதைப் பலகையின் மூலையில் எழுதி வைத்துவிடுங்கள், அழிக்க வேண்டாம்.

முதல் வகுப்பு: பெயரடை இல்லாத பட்டியல்

விளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். கதைக்களம் என்றால் என்ன என்று வரையறை சொன்னால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு மறுபடி ஆற்றுக்கே போய்விடுவார்கள். வகுப்பறையை விட்டு வெளியே கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி, வாசலில் ஐஸ் வண்டி நிற்கும் இடம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. 15 நிமிடம். ஆளுக்குப் பன்னிரண்டு விஷயம் எழுத வேண்டும். அழகான, ரம்மியமான, பரபரப்பான, அமைதியான என்ற வார்த்தைகளுக்குத் தடை. கண்ணால் பார்த்தது ஆறு, மீதி ஆறு காதும் மூக்கும் கையும் சொன்னதாக இருக்க வேண்டும். இந்த மீதி ஆறில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். திணறட்டும், அங்கேதான் நல்ல சரக்கு கிடைக்கும்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுதினாள்: "அடிபம்பு கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது." தினமும் எல்லாரும் பிடித்து அடிக்கிற பம்பு, ஆனால் அன்றைக்குத்தான் அது எல்லார் கண்ணிலும் பட்டது. இப்படி ஒன்று கிடைத்தால் அதை விடாதீர்கள், மீதி நேரம் முழுக்க அதன் மேலேயே உட்காருங்கள். யார் சுற்றியிருப்பார்கள்? எதற்கு? மத்தியான வெயிலில் இரும்பு கொதிக்கும், தொட முடியாது, அதனால் வாட்ச்மேன் சுற்றியிருப்பார் என்றான் ஒருவன். இல்லை, சத்துணவு அக்காவுக்குக் கையில் தீக்காயம் இருந்தது, அந்த நேரத்தில் அவரே சுற்றியிருப்பார் என்றாள் இன்னொருத்தி. பஞ்சர் கடைக்காரர் மகன் இங்கேதான் படித்தான், அவன் கொண்டுவந்திருப்பான் என்றான் கடைசி பெஞ்சு. பாருங்கள், ஒரு ரப்பர் டியூபிலிருந்து மூன்று ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள், மூவருக்கும் மூன்று குணம். இடத்திலிருந்து பாத்திரம் பிறப்பதைப் பற்றி நீங்கள் பாடம் நடத்தவே வேண்டாம், அது அவர்கள் கண் முன்னாலேயே நடந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரத்துக்கு "உங்கள் வீட்டைப் பற்றி இதே மாதிரி எழுதி வாருங்கள்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். தகரக் கூரை வீடு, தார்ப்பாய் கட்டிய குளியலறை, எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிற வீடு இதையெல்லாம் நோட்டில் எழுதி இன்னொருவர் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு உள்ள கூச்சம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. அந்த அழகிய கிராமம் பல நேரம் ஒரு மறைப்புத்தான். பாடப்புத்தகத்தில் கதை என்றால் எங்கோ பச்சையான ஊரில் நடப்பது என்று பார்த்துப் பழகிய பிள்ளை, தன் தெரு கதைக்குத் தகுதியில்லாதது என்று முடிவு கட்டியிருக்கும். "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம்" என்று மட்டும் சொல்லுங்கள், வீடா கடையா கோயில் வாசலா என்பதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். யாருடைய நோட்டையும் கேட்காமல் சத்தமாக வாசிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் போனால் அவர்களே வீட்டுக்குள் கூட்டிப் போவார்கள்.

இரண்டாம் வகுப்பு: சுவர் எவ்வளவு தடிமன்?

இந்த வகுப்புத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சண்டையைக் கொடுங்கள். கணவன் சீட்டுப் பணத்தை எடுத்து யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்துவிட்டான், மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் கதை. இதை மூன்று இடத்தில் நடத்த வேண்டும்: லைன் வீட்டில், தோட்டத்து வீட்டில், ஓடுகிற டவுன் பஸ்ஸில்.

லைன் வீடு பார்க்காத பிள்ளைகள் இருந்தால் வரைந்து காட்டுங்கள். வரிசையாக ஏழெட்டு வீடு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஓட்டுக் கூரை, பழைய வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் இங்கே கேட்கும். இந்த வீட்டில் ஒருத்தி "பணம் எங்கே?" என்று கத்த முடியுமா? கத்தினால் காலையில் குழாயடியில் எட்டுக் குடும்பமும் அதைப் பேசும். அப்போது என்ன செய்வாள்? பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் வந்த பதில்களைச் சேர்த்து நான் பலகையில் எழுதியது இது:

"அவள் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்தினான்."

அவளுக்குக் கோபம் என்று எங்கேயும் எழுதவில்லை. அவள் மானத்துக்குப் பயந்தவள், ஆனால் விடமாட்டாள், அவனும் குற்றம் உணர்கிறவன் என்பதெல்லாம் அந்த டிவி சத்தத்தில் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கூட்ட வைத்தது நடுச்சுவர்.

சரி, இதே ஆட்களைத் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சுற்றிலும் காடு, அடுத்த வீட்டுக்கு அரை கிலோமீட்டர். இங்கே அவள் கத்தலாம், நாய்தான் எழுந்து நிற்கும். ஆனால் கத்தி முடித்த பிறகு போக இடமில்லை, அழுதுகொண்டு போய் உட்காரப் பக்கத்து வீட்டுத் திண்ணை இல்லை, இருட்டியும் விட்டது. லைன் வீட்டில் அவளைக் கட்டிப்போட்ட அதே ஊர்க்கண் அங்கே அவளுக்குத் துணையாகவும் இருந்தது என்பது இப்போதுதான் தெரியும். இந்த இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாக வந்து சேர்ந்தால் அன்றைய வகுப்பை அத்தோடு முடித்துவிடலாம்.

பஸ்ஸை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கண்டக்டர் சில்லறை கேட்கும்போது இருவரில் யார் பர்ஸைத் திறக்கிறார்கள் என்று மட்டும் ஒரு கேள்வி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்பு: ஒரே மழை

பாத்திரத்தைப் பார்த்தாயிற்று, இனி கதையின் உணர்வுநிலை. பிள்ளைகள் எழுத்தில் மழை பெய்தால் சோகம் என்று அர்த்தம், இடி இடித்தால் யாரோ செத்துப் போகப் போகிறார்கள். டிவி தொடர்களிலிருந்து வந்த பழக்கம் இது. அதை உடைக்க, ஒரே மழையை நாலு பேர் தலையில் பெய்ய வையுங்கள்.

சித்திரையில் ஒரு கோடை மழை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் சம்சாரி, அதாவது விவசாயி, வெடித்துக் கிடக்கிற நிலம், ஒரு நல்ல மழை விழுந்தால் கோடை உழவு போட்டுவிடலாம். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தூத்துக்குடி உப்பளம். மழை காலம் முடிந்து தை மாதவாக்கில் வேலையைத் தொடங்கிப் புரட்டாசி வரை உப்பு எடுக்கிற இடம், வெயில்தான் அங்கே மூலதனம். பாத்தியில் விளைந்து நிற்கிற உப்பின் மேல் ஒரு மழை அடித்தால் கரைந்து போகும், கூலிக்காரருக்கு நாலைந்து நாள் வேலை இருக்காது. மூன்றாவது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அக்கா, ஈரக்காற்று வந்தால் குச்சி காயாது. நாலாவது, பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிற உங்கள் மாணவனேதான்.

மகிழ்ச்சி, சோகம், பயம், ஏக்கம் என்ற வார்த்தைகள் வரக்கூடாது. மழையை மட்டும் எழுத வேண்டும், ஆனால் யார் பார்க்கிற மழை என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு நான் இரண்டு எழுதிக் காட்டுவேன்:

"முதல் சொட்டு விழுந்த இடத்தில் புழுதி குழிந்தது. அவர் திண்ணையிலிருந்து எழவில்லை, கையை மட்டும் வெளியே நீட்டி உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது."

"கிழக்கே இருந்து காற்று மாறியதும் யாரும் பேசவில்லை. குவித்து வைத்திருந்த அம்பாரத்தின் மேல் ஓலையை இழுத்துப் போட்டார்கள். பாத்தியில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளையைத் தின்றது."

இரண்டிலும் மழை ஒன்றுதான். முதலாமவர் எண்ணி எண்ணி வாங்குகிறார், இரண்டாவதில் எண்ணி எண்ணி இழக்கிறார்கள். எந்த விவரத்தைக் கண் பொறுக்குகிறது என்பதில்தான் உணர்வு இருக்கிறது, மழைக்கென்று தனியாக ஓர் உணர்வு கிடையாது.

இதை எழுதி முடித்த கையோடு குறுந்தொகையின் 234ஆம் பாட்டைச் சொல்லுங்கள், மிளைப்பெருங்கந்தன் பாடியது. வானம் சிவந்து முல்லை பூக்கிற நேரத்தை மாலை என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்கிறாள் தலைவி. கோழி கூவுகிற விடியலும் மாலைதான், "பகலும் மாலை துணையிலோர்க்கே". துணை இல்லாதவர்களுக்கு நாள் முழுக்கச் சாயங்காலம். பிள்ளைகள் நாலு மழை எழுதிய பிறகு இந்தப் பாட்டைக் கேட்கும்போது ஒரு நிமிடம் வகுப்பு சும்மா இருக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொருள் எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் போயிருப்பார்கள்.

நான்காம் வகுப்பு: உங்கள் தெருவுக்கு ஒரு திணை

கதைக்களத்தைப் பற்றி வெளியூர்க் கோட்பாடு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பள்ளி இலக்கணத்தில் ஓர் அட்டவணை வரும். பிள்ளைகளுக்கு அது மார்க்குக்கான மனப்பாடம். எனக்கு இதில் உள்ள வருத்தம் கொஞ்சமில்லை, ஏனென்றால் களமும் ஆளும் உணர்வும் எப்படிச் சேர்கின்றன என்று சொல்லும் கருவி ஒன்று கையிலேயே இருக்கிறது, அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டோம்.

தொல்காப்பியம் முதல் என்று சொல்வது இரண்டை: நிலம், பொழுது. வெறும் இடம் போதாது, எந்த நேரம் என்பதும் சேர்ந்துதான் களம். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல். அப்புறம் கரு: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். மூன்றாவது உரி, அந்த மண்ணில் நடக்கிற மனித உணர்வு. முதல், கரு, உரி என்று அடுக்கிவிட்டு, இவை "முறை சிறந்தனவே" என்கிறது நூல். நிலத்தைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆரம்பிப்பது மண்ணில், போய்ச் சேர வேண்டியது மனுஷனிடம்.

இப்போது பலகையில் ஒரு கட்டம் போட்டு, பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம்: சின்ன ஊர் பஸ் ஸ்டாண்ட். பொழுது: வைகறை, நாலே முக்கால். தெய்வம்? மூலையில் இருக்கிற பிள்ளையார், பஸ் எடுக்கும் முன் டிரைவர் தொட்டுக் கும்பிடுகிற ஸ்டியரிங்கையும் சேர்க்கலாமா என்று கேட்டான் ஒருவன், தாராளமாகச் சேர்க்கலாம். உணவு: முதல் டீ, பன். விலங்கு: டீக்கடை அடுப்பு ஓரம் படுத்திருக்கும் நாய். பறை: "மதுரை மதுரை மதுரை" என்ற கூவல். யாழ்: டீக்கடை ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. தொழில்: பூக்கூடை இறக்குகிறவர்கள். இதை நிரப்பிவிட்டுக் கேளுங்கள், இந்த இடத்துக்கு உரி எது? இங்கே என்ன நடந்தால் பொருந்தும்? பெரும்பாலும் "பிரிவு" என்று வரும். சிலர் "காத்திருத்தல்" என்பார்கள். ஓடிப்போதல் என்று ஒரு பையன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், நான் அதையும் எழுதினேன்.

பிறகு பொழுதை மட்டும் மாற்றுங்கள். அதே பஸ் ஸ்டாண்ட், நண்பகல், சித்திரை. கரு எல்லாமே மாறும், நாய் பஸ்ஸுக்கு அடியில் போய்விடும், பாட்டு நின்றிருக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலை என்று ஒரு வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வது இதைத்தான், ஓர் இடம் பொழுது மாறினால் வேறு இடமாகிவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு திருப்பம் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டே இருப்பார்கள். உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கி வரலாம், அதாவது ஒரு திணைக்கு உரியது இன்னொரு திணையில் கலந்து வரலாம் என்று தொல்காப்பியமே வழி விட்டிருக்கிறது. ஆகவே ஒரு கல்யாண மண்டபத்தைக் கொடுத்து, அங்கே ஒருவருக்கு மட்டும் சாவுச் செய்தி தெரியும், தாலி கட்டி முடியும் வரை அவர் சொல்லக்கூடாது என்று வையுங்கள். நாதஸ்வரம், பன்னீர், குழந்தைகள் ஓடுகிற சத்தம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எதையும் சோகமாக மாற்றக்கூடாது. மண்டபம் எவ்வளவு கலகலப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவர் பாடு கூடும். மழையை வரவழைத்து அழ வைப்பதைவிட இது நூறு மடங்கு வலு.

திருத்தும்போது

இப்போது முழுக் கதை எழுதச் சொல்லுங்கள், ஒன்றரைப் பக்கம், அதற்கு மேல் வேண்டாம். வந்த நோட்டுகளில் இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள். எழுத்துப் பிழையை இந்தச் சுற்றில் தொடாதீர்கள், சிவப்பு மை பார்த்ததும் பிள்ளைகள் பாதுகாப்பான ஆற்றங்கரைக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஒன்று, இடம் மாற்றும் சோதனை. கதை நடக்கிற இடத்தை அடித்துவிட்டு வேறு ஊர் பேரைப் போட்டுப் படியுங்கள். கதை அசையாமல் நின்றால் களம் வேலை செய்யவில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் இடறினால் அந்த இடத்தை வட்டம் போட்டு "இங்கே உன் ஊர் இருக்கிறது, இன்னும் எழுது" என்று பக்கத்தில் குறியுங்கள். இடறுகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அடுத்த திருத்தத்தில் அது மூன்றாகும்.

இரண்டு, மொத்த விவரத்தையும் முதல் பத்தியில் கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கொட்டியிருப்பார்கள். அதைக் கத்தரித்துக் கதைக்குள் தூவச் சொல்லுங்கள். ஆள் ஒன்றைத் தொடும்போது, ஒன்று காலில் இடிக்கும்போது, ஒன்று வழியை மறிக்கும்போது அந்த விவரம் வர வேண்டும். ஒரு பையன் முதல் பத்தியில் "எங்கள் ஊர் மண் கரிசல் மண், மழை பெய்தால் ஒட்டும்" என்று எழுதிவிட்டு, அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்து சைக்கிளில் போகிற பையனைப் பற்றி எழுதியிருந்தான். இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன. அந்த முதல் வரியை எடுத்து நடுவில் போடு என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் கொண்டுவந்ததில் பையன் அவசரமாக மிதிக்கிறான், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பி சக்கரம் சுற்ற மறுக்கிறது, இறங்கிக் குச்சி ஒடித்து மண்ணைத் தோண்டுகிறான், பத்தடி போனதும் மறுபடி அப்புகிறது, மூன்றாவது தடவை குச்சி ஒடிந்ததும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறான். அப்பாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்குப் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், இடம் ஆளை எதையாவது செய்ய வைக்கிறதா என்பதற்குப் பாதியைக் கொடுங்கள், மீதியை உங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவர் கதையிலிருந்தும் ஒரே ஒரு விவரத்தை, அவர்களைக் கேட்டுக்கொண்டு, பேர் போட்டு ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பை அந்தச் சார்ட் முன்னால் நின்று ஆரம்பிக்கலாம். எங்களுடையதில் முதல் வரி இப்போதும் அந்த அடிபம்பும் சைக்கிள் டியூபும்தான்.